வடிவத்தால் அலையை ஆளுதல்: மின்காந்தப் பொருள்களின் புதிய பொருளாதாரம்

(பயிற்சி பெறும் அதிகாரிகளும் முதுகலை மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரை என்னும் ஊரில், மலைச்சரிவில் வடக்குத் தெற்காக ஒரு பெரும் தொலைநோக்கி கிடக்கிறது. 1970-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. முதன்முறையாக அதைக் காணச் செல்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றம் அடைகின்றனர். தொலைநோக்கி என்றால் பளபளக்கும் ஆடி இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்லும் அவர்களுக்குத் தென்படுவது எஃகுச் சட்டங்களும், அவற்றின் மீது இணையாக இழுத்துக் கட்டப்பட்ட சுமார் 1,100 மெல்லிய துருவேறா எஃகுக் கம்பிகளுமே. கம்பிகளின் இடைவெளியில் வானம் தெரிகிறது, மழை ஒழுகுகிறது, காற்றுத் தடையின்றிப் போய் வருகிறது. எனினும், விண்ணிலிருந்து வரும் 92 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலைக்கு அது ஓட்டையற்ற ஆடியே. கம்பிகளின் இடைவெளி தன் நீளத்தை நோக்க மிகச் சிறியதாக இருப்பதால் அந்த அலை இடைவெளியை உணர்வதே இல்லை.

வீட்டுச் சமையலறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பின் கதவும் இதே விதியின்படியே இயங்குகிறது. கதவிலுள்ள உலோகத் தகட்டில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கின்றன. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அது துளை வழியே தாராளமாக வெளிவருகிறது. ஆகவே உள்ளே வேகும் பொருளைக் காண முடிகிறது. சமைக்கும் அலையோ 12 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. அதற்கு அத்தகடு சுவர். தகடு ஒன்றே, துளையும் ஒன்றே. ஒரு அலைக்கு அது சன்னல், மற்றோர் அலைக்குச் சுவர்.

இந்த இரண்டு காட்சிகளிலிருந்து பெறப்படும் உண்மை, இன்றைய அவையின் பொருளுக்கு அடித்தளமானது. ஒரு பொருள் மின்காந்த அலையிடம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை, அது எந்த உலோகம், எந்த இரசாயனம் என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த வடிவில், எந்த இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. இயற்கை தந்த அணுக்களுக்குப் பதிலாக, அலைநீளத்தைவிடச் சிறிய உலோக வளையங்களையும் கம்பிகளையும் தூண்களையும் மனிதன் தானே வடிவமைத்து வரிசைப்படுத்தினால், இயற்கையில் இல்லாத குணமுள்ள ஒரு பொருளை உண்டாக்கலாம். இவற்றை விஞ்ஞானிகள் 'மெட்டாமெட்டீரியல்' என்கின்றனர். தமிழில் 'மீப்பொருள்' என்ற சொல் வழக்கில் வந்திருக்கிறது. இங்கும் அச்சொல்லையே கையாளலாம்.

மீப்பொருள் என்றதும், மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் அண்மையில் பிறந்த புதுமை என்றே பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறுவிதமாக உள்ளது. 1898-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் நடவடிக்கை ஏட்டில் ஜகதீச சந்திர போஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர், 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைநீளமுள்ள மின் அலைகளை உண்டாக்கி ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. சர்க்கரைக் கரைசல் வழியே செல்லும் ஒளியின் தளம் சுழல்கிறது என்பது அக்காலத்திலேயே தெரிந்த செய்தி. சர்க்கரை மூலக்கூறு ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். அப்படியானால், குறுகிய அலைநீளமுள்ள ஒளிக்கு மூலக்கூறு செய்வதை, சென்டிமீட்டர் அளவுள்ள மின் அலைக்குச் சென்டிமீட்டர் அளவுள்ள முறுக்கு செய்யவேண்டும் அல்லவா? போஸ் சணல் நாரை எடுத்தார், கயிறாக முறுக்கினார். வலப்பக்கம் முறுக்கிய கட்டு அலையின் தளத்தை ஒரு பக்கம் திருப்பியது. இடப்பக்கம் முறுக்கிய கட்டு மறுபக்கம் திருப்பியது. வங்காளத்தின் சணலைக் கொண்டு அவர் ஒரு செயற்கைச் சர்க்கரைக் கரைசலையே உண்டாக்கிவிட்டார் எனலாம். இத்துறையின் நூல்கள் பலவும் இன்று தங்கள் வரலாற்றுப் பகுதியை இந்தச் சோதனையிலிருந்தே தொடங்குகின்றன.

அவருடைய மற்றொரு சாதனம் அதிகாரிகளுக்குச் சுவையாக இருக்கக்கூடும். அலையின் தளத்தைப் பிரித்தறிய ஓர் அடுக்குப் பொருள் தேவைப்பட்டபோது, பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகிப் பயன்படுத்தினார். காகிதம், உலோகம், காகிதம், உலோகம் என்று மாறிமாறி வரும் அந்த அடுக்கு, ஏட்டின் திசைக்கு இணையான அலையை ஒருவிதமாகவும் குறுக்கான அலையை வேறுவிதமாகவும் நடத்தியது. விலை உயர்ந்த சாதனம் இல்லையே என்று காத்திராமல், கையருகே கிடந்த புத்தகத்தைக் கருவியாக்கிய மனப்பாங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. அதே வேளையில் இதை மிகையாகப் போற்றுவதும் ஆபத்து. ஏழ்மையே ஆராய்ச்சிக்கு உரம் என்ற வாதம், ஒதுக்கீட்டைக் குறைக்க விரும்புவோர் கையில் எளிதில் கருவியாகிவிடும்.

போஸின் கண்டுபிடிப்புகளிலிருந்து தொழில் எதுவும் இங்கே தோன்றவில்லை. அவர் உருவாக்கிய கலீனாப் படிக உணர்கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதுவும் நண்பர்களின் வற்புறுத்தலால் விண்ணப்பிக்கப்பட்டதே. அறிவை விற்பனைப் பண்டமாக்க அவருக்கு விருப்பமில்லை. அது அவருடைய தனிப்பட்ட அறநெறி. ஆனால் அந்த அறநெறியை மட்டும் காரணமாகக் காட்டி, தொழிற்சாலையோ முதலீடோ கம்பித் தொழிலாளர் பயிற்சியோ இல்லாத ஓர் அடிமை நாட்டின் நிலையை மறந்துவிடலாகாது. காப்புரிமை கையில் இருந்திருந்தாலும், அதை உற்பத்தியாக மாற்றும் பட்டறை அன்று கல்கத்தாவில் இல்லை.

இதற்குப் பிறகு கதை நெடுங்காலம் பிற நாடுகளில் நடக்கிறது. 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வின்ஸ்டன் காக், உலோகத் தகடுகளையும் பட்டைகளையும் அடுக்கி மைக்ரோ அலைகளுக்கு இலேசான லென்ஸ்களைச் செய்தார். 1967-இல் சோவியத் விஞ்ஞானி விக்டர் வெசலாகோ ஒரு விசித்திரமான கேள்வியை எழுப்பினார். ஒரு பொருளின் மின் பண்பும் காந்தப் பண்பும் ஒரே சமயத்தில் எதிர்மறையாக இருந்தால் என்ன ஆகும்? ஒளிவிலகல் எண் எதிர்மறையாகும். நீரில் நட்ட கோல் சற்று வளைந்து தோன்றுவதற்குப் பதிலாக நேர் எதிர்த்திசையில் மடங்கித் தோன்றும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அத்தகைய பொருள் இயற்கையில் கிடைக்கவில்லை. ஆகவே கட்டுரை முப்பது ஆண்டுகள் ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பென்ட்ரி அதை எழுப்பினார். மெல்லிய கம்பிகளின் வரிசை எதிர்மறை மின் பண்பைத் தரும் என்று 1996-லும், ஓரிடத்தில் பிளவுபட்ட உலோக வளையங்களின் வரிசை எதிர்மறைக் காந்தப் பண்பைத் தரும் என்று 1999-லும் அவரும் அவருடன் பணியாற்றியோரும் காட்டினர். வளையத்தில் பிளவு ஏன் என்று மாணவர்கள் கேட்கலாம். முழு வளையத்தில் மின்னோட்டம் சுற்றி ஓடிவிடும். பிளவு இருந்தால் அதன் இரு முனைகளிலும் மின்னூட்டம் தேங்குகிறது; தேங்கிய மின்னூட்டம் மீண்டும் ஓடுகிறது; இவ்வாறு ஊஞ்சல்போல் ஆடும் அந்த ஓட்டத்திற்கு ஓர் இயற்கையான அதிர்வெண் உண்டாகிறது. அந்த அதிர்வெண்ணைச் சற்றுக் கடந்த அலை வரும்போது, வளையம் அலையின் போக்குக்கு எதிராக ஆடுகிறது. செம்பு காந்தப் பொருள் அன்று. ஆயினும் செம்பு வளையங்களின் கூட்டம் காந்தப் பொருள்போல் நடக்கிறது. 2001-இல் கலிபோர்னியாவின் சான்டியாகோவில் ஷெல்பி, ஸ்மித், ஷூல்ட்ஸ் ஆகிய மூவரும் இத்தகைய வளையங்களும் கம்பிகளும் பொறித்த பலகைகளை ஆப்பு வடிவில் அடுக்கி, மைக்ரோ அலை உண்மையிலேயே மறுபக்கம் மடங்குவதைக் காட்டினர். வெசலாகோவின் கணக்கு மெய்யாயிற்று.

2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைதான் இத்துறையைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு செம்பு உருளையைச் சுற்றி மீப்பொருள் வளையங்கள் வைக்கப்பட்டன. 8.5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள அலை, ஆற்று நீர் பாறையைச் சுற்றிச் செல்வதுபோல் உருளையைச் சுற்றிச் சென்று மறுபக்கம் ஓரளவு ஒழுங்காகச் சேர்ந்துகொண்டது. 'மாயப் போர்வை' வந்துவிட்டது என்று உலகெங்கும் எழுதப்பட்டது. உண்மையில் அது ஒரே ஒரு அதிர்வெண்ணுக்கு, ஒரே தளத்தில், உள்ளங்கை அளவுள்ள பொருளுக்கு, மனிதக் கண்ணால் காண இயலாத அலைக்குச் செய்யப்பட்ட சோதனை. வளையம் ஊஞ்சலைப்போன்றது என்று மேலே கூறப்பட்டதன் விளைவே இந்தக் குறை. ஊஞ்சல் தன் தாளத்தில் தள்ளினால்தான் ஆடும். தாளம் சற்றுப் பிசகினால் ஆட்டம் இல்லை. மேலும், ஆடும் ஒவ்வொரு முறையும் உலோகத்தில் சிறிது ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. குறுகிய அதிர்வெண் எல்லை, ஆற்றல் இழப்பு ஆகிய இவ்விரு குறைகளும் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. திட்டக் கருத்துரு ஒன்று மேசைக்கு வரும்போது, எந்த அலைநீளத்தில், எவ்வளவு அகன்ற எல்லையில், எவ்வளவு இழப்போடு என்ற மூன்று கேள்விகளைக் கேட்கும் அதிகாரி பாதி மதிப்பீட்டை முடித்துவிடுகிறார். அதற்கு அவர் பௌதிகம் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மாயப் போர்வையைவிடப் பயன்மிக்க கிளை ஒன்று ஒளியியலில் வளர்ந்தது. அதன் வேரும் இந்தியாவில் இருக்கிறது. சர் சி. வி. ராமனின் சகோதரி மகனான எஸ். பஞ்சரத்தினம், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த இளைஞர். 1956-இல், தம் இருபத்திரண்டாம் வயதில், தளவிளைவுற்ற ஒளிக்கற்றைகளின் குறுக்கீடு பற்றி இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஒளிக்கற்றையின் தளவிளைவை வரிசையாக மாற்றி மீண்டும் பழைய நிலைக்கே கொண்டுவந்தால், அது புறப்பட்டபோது இருந்த கட்டத்தில் இருப்பதில்லை; சென்ற பாதையின் வடிவத்தைப் பொறுத்து ஒரு கட்ட வேறுபாட்டைச் சுமந்து வருகிறது என்பது அதன் சாரம். பயணி ஊர் திரும்பிவிட்டார். ஆனால் கைக்கடிகாரம் சற்று மாறியிருக்கிறது என்று உவமையாகக் கூறலாம். கட்டுரை பலர் கண்ணில் படவில்லை. பஞ்சரத்தினம் 1969-இல் இங்கிலாந்தில் இளம்வயதிலேயே காலமானார். 1984-இல் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயக்கவியலில் இதற்கு ஒப்பான பொது விதியைக் கண்ட பிறகே, ராமசேஷன், நித்யானந்தா ஆகிய பெங்களூர் விஞ்ஞானிகள் பழைய கட்டுரையை எடுத்துக்காட்டினர். பெர்ரியும் 1987-இல் அதன் முதன்மையைத் தாமே எழுதி ஏற்றுக்கொண்டார்.

அந்தக் கட்ட வேறுபாடு இன்று தட்டை லென்ஸ்களில் வேலை செய்கிறது. சாதாரணக் கண்ணாடி லென்ஸ் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பது, ஒளிக்கு இடத்திற்கு இடம் வெவ்வேறு தாமதம் தருவதற்காகவே. தட்டை லென்ஸில் வளைவு கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லிய கோடிக்கணக்கான தூண்கள் நிற்கின்றன. எல்லாத் தூணும் ஒரே உயரம், ஒரே அளவு. ஆனால் ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில் திருப்பி நிறுத்தப்பட்டிருக்கிறது. வட்டத் தளவிளைவுற்ற ஒளி தூணைக் கடக்கும்போது, தூண் திரும்பிய கோணத்தின் இரு மடங்குக்கு அதன் கட்டம் மாறுகிறது. தாமதத்தைத் தடிமனால் தருவதற்குப் பதில் திருப்பத்தால் தருவது இது. 2016-இல் ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் ஃபெடரிகோ கபாசோவின் குழுவினர் டைட்டேனியம் டை ஆக்சைடு தூண்களால் இவ்வாறு கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு லென்ஸ் செய்தனர். 2022-இல் இத்தகைய தட்டை ஒளியியல், தொலைவை அளக்கும் அகச்சிவப்பு உணர்கருவிகளில் வணிகமுறையில் இடம்பெற்றது.

டைட்டேனியம் என்றவுடன் பொருளாதார மாணவர்களுக்கு ஒரு நினைவு எழவேண்டும். கேரளத்தின் சவரா கடற்கரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், ஒடிசாவின் சத்ரபூரிலும் கிடைக்கும் கருமணலில் டைட்டேனியத் தாது நிறைந்திருக்கிறது. தாது நம்மிடம் இருக்கையில் லென்ஸும் நம்மிடம் உருவாகலாமே என்று ஒரு மேடைப் பேச்சாளர் முழங்கக்கூடும். ஆனால் ஒரு தட்டை லென்ஸில் உள்ள டைட்டேனியம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதன் கச்சாப் பொருளின் விலை கணக்கில் சேர்க்கத்தக்கதே அன்று. விலை முழுவதும் தூண்களை அந்தந்தக் கோணத்தில் நிறுத்தும் திறனுக்கே. இரும்புத் தாதுவும் நிலக்கரியும் அருகருகே கிடைக்கும் இடத்தில் உருக்காலை என்று இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் செய்த இடத் தேர்வுக் கணக்கு இத்துறைக்குப் பொருந்தாது. இங்கே மூலப்பொருள் என்பது வரைபடமும், அந்த வரைபடத்தைப் பிழையின்றிப் பொறிக்கும் இயந்திரமும், பொறித்தது சரியா என்று அளக்கும் கூடமுமே.

அந்த இயந்திரத்தின் செலவு அலைநீளத்தைப் பொறுத்தது என்பது மிக முக்கியமான செய்தி. பொறிக்கும் உருவங்கள் அலைநீளத்தைவிடச் சிறியனவாக இருக்கவேண்டும் அல்லவா? 10 கிகாஹெர்ட்ஸ் ராடார் அலையின் நீளம் 3 சென்டிமீட்டர். அதற்கு வளையங்கள் சில மில்லிமீட்டர் இருந்தால் போதும். வானொலிப் பெட்டியிலும் தொலைக்காட்சியிலும் உள்ள அச்சிட்ட மின்சுற்றுப் பலகையைச் செய்யும் எந்தச் சிறு தொழிற்கூடமும் அவற்றைச் செம்புத் தகட்டில் அரித்துத் தரமுடியும். ஒரு பொறியியற் கல்லூரியின் பட்டறையே போதுமானது. அலைநீளம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும்போது ஒளிப்படமுறைப் பொறிப்பும் தூய அறையும் தேவைப்படுகின்றன. கண்ணொளிக்கு வந்துவிட்டால் தலைமுடியின் பருமனில் பல நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகப் பொறிக்கவேண்டும். ஆராய்ச்சிக்கு எலெக்ட்ரான் கற்றை இயந்திரமும், பெரும் உற்பத்திக்குச் சிப் ஆலையும் வேண்டும். அதாவது அலை குறுகக் குறுகச் செலவு ஏறுகிறது.

இரண்டாவது வகை முதலீட்டில் நாட்டின் அனுபவம் கலப்பானது. மொஹாலியில் அரசு நிறுவிய குறைகடத்தி ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தில் பெருஞ்சேதமுற்றது. மீண்டு எழுவதற்குள் உலகம் பல தலைமுறை கடந்துவிட்டது. 2021 டிசம்பரில் ரூ.76,000 கோடி மதிப்பில் குறைகடத்தித் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆராய்ச்சி அளவில் நிலைமை சற்று ஆறுதலானது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் நிறுவப்பட்ட நுண்மின்னணு மையங்கள், பிற கல்லூரிகளின் ஆய்வாளர்களும் வந்து பயன்படுத்தும் முறையில் 2008 முதல் திறந்துவிடப்பட்டன. ஒரு சிறுநகரக் கல்லூரியின் ஆய்வு மாணவி தன் வரைபடத்தோடு ரயிலேறி வந்து, பல கோடி ரூபாய் இயந்திரத்தில் சில நாள் பணிபுரிந்து திரும்ப முடிகிறது. பொதுப் பணத்தில் வாங்கிய இயந்திரத்தைப் பூட்டி வைக்காமல் பொதுவாக்கும் இந்த ஏற்பாடு, அது பெறவேண்டிய கவனத்தை இன்னும் பெறவில்லை.

நீண்ட அலைகளின் பக்கம் திரும்பினால், வாய்ப்பு இப்போதே கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. ராடார் அலையை உறிஞ்சும் பொருள்களை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கரான சாலிஸ்பரி கண்ட முறை எளிது: உலோகத்துக்கு முன்னால், அலைநீளத்தில் கால் பங்கு தள்ளி, தக்க மின்தடையுள்ள ஒரு மெல்லிய திரையை நிறுத்தவேண்டும். திரையிலிருந்து திரும்பும் அலையும் உலோகத்திலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆற்றல் திரையில் வெப்பமாகும். 10 கிகாஹெர்ட்ஸில் கால் பங்கு என்பது ஏழரை மில்லிமீட்டர். விமானச் சிறகின் மேல் ஏழரை மில்லிமீட்டர் இடைவெளி என்பது சிறிய சுமை அன்று. அதிர்வெண் இறங்கினால் தடிமன் இன்னும் ஏறும். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிளந்த வளைய வடிவங்களைக் கொண்டு, அலைநீளத்தின் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிமனில் ஏறத்தாழ முழுமையாக உறிஞ்சும் அடுக்கை வடிவமைத்தனர். அதன் பின்னர் அதிர்வெண் எல்லையை அகலப்படுத்தும் முயற்சிகள் உலகெங்கும் நடந்து வருகின்றன.

இம்முயற்சியில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2024 நவம்பரில் 'அனாலக்ஷ்யா' என்னும் மறைப்பு அமைப்பை வெளியிட்டது. அது துணியை அடிப்படையாகக் கொண்ட மீப்பொருள். அகன்ற எல்லையில் ராடார் அலைகளை உறிஞ்சுவது. உற்பத்திக்கான உரிமம் ஓர் இந்திய நிறுவனத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறது. 1898-இல் சணலில் தொடங்கிய கதை நூற்றிருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நாரிடமே வந்து சேர்ந்திருப்பது தற்செயலே. ஆனால் துணி என்பதில் ஒரு பொருளாதாரச் செய்தியும் இருக்கிறது. நெசவும் அச்சிடுதலும் நாடெங்கும் பரவிய தொழில்கள். கடத்தும் மை தோய்ந்த வடிவங்களைத் துணியில் பதிக்கும் கலை, சிப் ஆலையைப்போல் ஓரிடத்தில் மட்டும் குவியவேண்டிய அவசியமில்லை.

இராணுவத்திற்கு வெளியே மற்றொரு களம் திறந்துகொண்டிருக்கிறது. 2022-இல் நாட்டில் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் இடம்பெற்றது. அதன் அலைநீளம் சுமார் பதினொன்றரை மில்லிமீட்டர். போஸ் ஆராய்ந்த எல்லைக்குள் அடங்கியது. அதில் ஏராளமான செய்திகளை விரைவாக அனுப்பலாம். ஆனால் ஒரு சுவர், ஒரு மரம், ஒரு பேருந்து குறுக்கிட்டாலே அந்த அலை தடைப்படுகிறது. ஒவ்வொரு முடுக்குக்கும் ஒரு கோபுரம் நிறுத்துவது கட்டுப்படியாகாது. மூலையில் ஒரு கண்ணாடியை மாட்டினால் வளைவுக்கு அப்பால் வரும் வண்டி தெரிவதுபோல, கட்டிடத்தின் முகப்பில் ஒரு மீப்பொருள் பலகையை மாட்டினால், கோபுரத்தின் அலையை அது வேண்டிய தெருவுக்குத் திருப்பிவிடும். 2018-இல் டோக்கியோவில் 28 கிகாஹெர்ட்ஸில் இத்தகைய பலகை சோதிக்கப்பட்டது. பலகை என்பது அச்சிட்ட மின்சுற்றே. நெருக்கமான சந்துகளும் மாடிக்கு மாடி மாறும் கட்டிடங்களும் கொண்ட இந்திய நகரங்களில் இதன் தேவை டோக்கியோவைவிடக் கூடுதலாகவே இருக்கும். டோக்கியோவுக்கு வரைந்த பலகை சாந்தினி சௌக்குக்குப் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஈரமான செங்கல் சுவரும், தகரக் கூரையும், மழைக்கால ஈரமும் அலையை வேறுவிதமாக நடத்துகின்றன. இங்கே அளந்து இங்கே வரைய வேண்டிய பொருள் இது.

அளத்தல் என்பதிலேயே இன்றைய முடிச்சு இருக்கிறது. பலகையை ஒரு சிறு தொழிற்கூடம் சில ஆயிரம் ரூபாயில் செய்துவிடலாம். அது சொன்னபடி அலையைத் திருப்புகிறதா என்று அறிய, எதிரொலிப்பற்ற அறை வேண்டும். சுவரெங்கும் கரி ஏற்றிய நுரைக் கூம்புகள் பதித்த அந்த அறையில், கூம்பின் கூர்முனையில் நுழையும் அலை சிறிது சிறிதாகப் பொருளுக்குள் ஈர்க்கப்பட்டு அடங்கிவிடும், எதிரொலி இராது. அறையும் அதனுள் வைக்கும் அளவுகருவிகளும் கோடிக்கணக்கில் விலையுள்ளவை. சமீர் எனப்படும் மைக்ரோ அலை ஆராய்ச்சிச் சங்கத்தின் சென்னை மையத்திலும், பாதுகாப்புத் துறை, விண்வெளித் துறை ஆய்வுக்கூடங்களிலும் இத்தகைய கூடங்கள் உள்ளன. ஆயினும் ஒரு சிறு தொழில்முனைவோர் தன் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே போவது, யாரைக் கேட்பது, எத்தனை நாள் காத்திருப்பது, எவ்வளவு கட்டணம் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளும் ஏற்பாடு வளரவேண்டும். பஞ்சாலையின் நூலுக்கும் உரத்துக்கும் சிமெண்டுக்கும் தரச் சோதனை இல்லாமல் சந்தை இல்லை என்பது அதிகாரிகள் நன்கறிந்த செய்தி. அலைக்கும் அதுவே விதி.

கொள்முதல் விதிகளும் இங்கே வந்து முட்டுகின்றன. மிகக் குறைந்த விலைக்குத் தருபவரிடமே வாங்கவேண்டும் என்ற நெறி, நாற்காலியும் காகிதமும் வாங்க உகந்தது. இரு பலகைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வளையத்தின் பிளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினால் ஒன்று வேலை செய்யும், மற்றொன்று செம்பு ஒட்டிய அலங்காரத் தகடாகவே நிற்கும். ஒப்பந்தக் குறிப்பில் பொருளின் பெயரை எழுதி விலை கேட்டால் இரண்டாவதே வந்து சேரும். எந்த அதிர்வெண் எல்லையில் எத்தனை டெசிபெல் என்று செயல்திறனை எழுதிக் கேட்டால்தான் முதலாவது வரும். 2025 ஜூனில் மத்திய அரசு, அறிவியல் நிறுவனங்களுக்கான பொது நிதி விதிகளைத் தளர்த்தி, விலைப்புள்ளி கோராமல் நேரடியாக வாங்கும் வரம்பை ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாக உயர்த்தியது, ரூ.200 கோடி வரையிலான உலக ஒப்பந்தப்புள்ளிகளுக்கு நிறுவன இயக்குநர்களும் துணைவேந்தர்களுமே ஒப்புதல் தரலாம் என்றும் அறிவித்தது. ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கோரிவந்த மாற்றம் இது. விதி தளர்ந்த பிறகும் தணிக்கைக்கு அஞ்சிப் பழைய முறையிலேயே கோப்பைச் சுழற்றும் வழக்கம் பல அலுவலகங்களில் உடனே மறைந்துவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் நாடு செலவிடும் தொகை 2020-21-இல் சுமார் ரூ.1,27,381 கோடி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். இதில் பெரும்பகுதி அரசின் பணம். முன்னேறிய நாடுகளில் தனியார் தொழில்களே பெரும்பகுதியை ஏற்கின்றன. 2025 ஜூலையில் ரூ.1 லட்சம் கோடியில் ஆராய்ச்சி, வளர்ச்சி, புத்தாக்கத் திட்டத்திற்கு அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. நீண்டகாலக் குறைந்த வட்டிக் கடன் மூலம் தனியார் துறையை ஈர்ப்பது அதன் நோக்கம். கடன் என்பது விற்கத்தக்க பொருள் கண்ணில் தெரியும் நிலைக்கு உகந்தது. பஞ்சரத்தினத்தின் கட்டுரைக்கு எந்த வங்கியும் கடன் தந்திராது. அறுபது ஆண்டு கழித்து அதிலிருந்து லென்ஸ் வரும் என்று எந்தக் குழுவும் மதிப்பிட்டிருக்கவும் முடியாது. ஆனால் அந்த அறுபது ஆண்டில் கட்டுரைக்கும் லென்ஸுக்கும் இடையே இருந்த பல படிகளில், பொறிக்கும் இயந்திரம், அளக்கும் கூடம், பலகை செய்யும் சிறு தொழில் ஆகியவை பெங்களூரைச் சுற்றியே இருந்திருக்குமானால் என்பது வேறு கேள்வி. அந்தப் படிகளுக்குக் கடனும் மானியமும் விதித் தளர்வும் பயன்படும்.

26 கிகாஹெர்ட்ஸ் பலகைகளுக்கு இந்தியத் தரக் குறியீடு வகுக்கும் பணி வரும்போது, தலைக்கு எத்தனை டெசிபெல், எந்தக் கோணம், எத்தனை ஆண்டு வெயிலும் மழையும் தாங்கவேண்டும் என்ற எண்களை எழுதப்போகிறவர்கள் இந்த அவையில் அமர்ந்திருக்கும் இளம் அதிகாரிகளில் சிலராகவும் இருக்கலாம். வெளிநாட்டுக் குறியீட்டை அப்படியே பெயர்த்தெழுதினால் வெளிநாட்டுப் பலகையே தகுதி பெறும். சென்னையின் உப்புக் காற்றிலும் ஜெய்சால்மரின் புழுதியிலும் ஓராண்டு மாட்டி வைத்து அளந்த எண்கள் கையில் இருந்தால், குறியீடு வேறுவிதமாக எழுதப்படும். அந்த ஓராண்டு அளவீட்டுக்கு ஆகும் செலவு, ஒரு சிறு மாவட்டச் சாலையின் சில கிலோமீட்டர் தார்ச் செலவைவிட மிகுதியாக இராது.